சைக்கிள் ஏறாத மலை: ஹட்டனில் முழங்காலின் கணக்கு

2022 ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோலின் விலை 470 ரூபாவானது. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த நாட்களில் கொழும்பில் உத்தியோகத்தர்கள் சைக்கிளில் அலுவலகம் போனது செய்தியாகியது. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் அது செய்தியே அல்ல. சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு சனம் வேலையைப் பார்க்கப் போனது. ஹட்டனில் இவை இரண்டும் பெரிதாக நடக்கவில்லை. அங்கே சனம் நடந்தது.

ஒரே நெருக்கடி, ஒரே நாடு, ஒரே மொழி பேசும் இரு மக்கள். ஒருவருக்குச் சைக்கிள் கைகொடுத்தது, மற்றவருக்குக் கொடுக்கவில்லை. இதற்கு மலைதான் காரணம் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் வண்டி ஏறாத மலையில் யாரோ ஒருவர் சுமையை ஏற்றி இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த வேலையைச் செய்வது தோட்டத் தொழிலாளியின், பெரும்பாலும் பெண்களின், முழங்கால். அது தேய்வதை நமது சம்பளக் கணக்கும் நட்டஈட்டுச் சட்டமும் எங்கே பதிகின்றன என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

வடக்கு சைக்கிளைப் பிடித்துக்கொண்ட கதை

வடக்கின் வாசகர்களுக்கு சைக்கிளின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணில் படாதபோது யாழ்ப்பாணம் சைக்கிளில் ஓடியது. விறகு, அரிசி மூட்டை, நோயாளி, பிள்ளைத்தாய்ச்சி எல்லாமே சைக்கிளில் போனார்கள். மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் குவிந்து கிடந்தவற்றிலும் சைக்கிள்கள் இருந்தன. கடைசி மட்டும் உருட்டிக்கொண்டு வந்தவற்றை அங்கே போட்டுவிட்டுத்தான் சனம் வெளியேறியது.

இதில் இன்னொரு கிளைக் கதையும் உண்டு. 1977இலும் அதன் பின் 1981, 1983 வன்முறைகளின்போதும் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் பலர். தோட்டத்தில் சைக்கிளைத் தொட்டே பார்க்காதவர்கள் வன்னியின் சமதரையில் சைக்கிள் பழகினார்கள். பிறகு வன்னி மக்களோடு சேர்ந்து அவர்களும் போரைச் சுமந்தார்கள். மலையகத்தாருக்குச் சைக்கிள் ஓடும் பழக்கம் இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. அதே மக்கள் தரை சமமான இடத்தில் சைக்கிளோடு வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். குறை நிலத்தின் சரிவிலும் பாதையிலும் இருக்கிறது.

ஒரு மிதிக்கு நாற்பது சென்ரிமீற்றர்

எனது இடது முழங்காலில் சவ்வு கிழிந்த பழைய காயம் ஒன்று உண்டு. காயம் ஆறிய பிறகு மூட்டை அசைத்துப் பழக்க எனக்குச் சொல்லப்பட்ட பயிற்சி சைக்கிள். இருக்கையில் உட்கார்ந்தவுடன் உடம்பின் பாரத்தை வண்டி ஏற்றுக்கொள்கிறது. முழங்கால் மடங்கி நிமிர்ந்தால் போதும். அதற்குச் சில நிபந்தனைகளும் உண்டு. மிதி கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் அளவுக்கு இருக்கை உயரமாக இருக்க வேண்டும். இருக்கை தாழ்ந்தால் சில்லு எலும்பின் மீது அழுத்தம் கூடும். கடினமாக மெல்ல மிதிப்பதைவிட, இலேசான கியரில் வேகமாகச் சுற்றுவது மூட்டுக்கு நல்லது. வீக்கம் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். செல் துண்டோடும் பழைய முறிவோடும் சைக்கிள் ஓடுகிற பலருக்கு இது அனுபவத்தில் தெரிந்த விடயம்தான்.

வன்னியின் தெருக்களில் இந்த நிபந்தனைகளைக் கடைப்பிடிப்பது எளிது. கோடையில், செய்தி சேகரிக்க வந்த இடத்தில், ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் பக்கம் ஓடிப் பார்த்தபோது அவை ஒவ்வொன்றாகக் கழன்றன.

கணக்கு இதுதான். கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் மிதியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்து மீற்றர் நகரும். நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் உயரும் ஏற்றத்தில் அந்த ஐந்து மீற்றருக்குள் வண்டியும் ஆளும் 40 சென்ரிமீற்றர் மேலே போக வேண்டும். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் 85 கிலோவை 40 சென்ரிமீற்றர் தூக்குகிறோம். கியர் உள்ள சைக்கிளில் மிக இலேசான கியரைப் போட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றர்தான் போகலாம். அப்போது தூக்கும் உயரம் 16 சென்ரிமீற்றர். மொத்த வேலை ஒன்றுதான், ஆனால் அது சிறு சிறு தவணைகளாகப் பிரிந்துவிடுகிறது. முழங்காலுக்குத் தேவை அந்தப் பிரிப்பு.

வெயில் இன்னொரு பக்கத்தால் வருகிறது. நாம் செலவிடும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் மிதிக்குப் போகிறது. மீதி உடம்பில் சூடாகிறது. சமதரையில் ஓடும்போது எதிர்க்காற்று அந்தச் சூட்டை எடுத்துச் செல்கிறது. ஏற்றத்தில் வண்டி நடை வேகத்துக்குக் குறைந்துவிடும். உழைப்பு கூடும், காற்று இராது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருப்பதால் நிழலில் நின்றால் குளிர்ச்சிதான். நிழலை விட்டு வெளியே வந்தால் அங்கே தோல் காய்வது கீழே இருப்பதைவிட வேகமாக நடக்கும். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடுவதே காரணம்.

இறங்கி உருட்டத் தொடங்கிய ஓர் இடத்தில், கொழுந்துச் சாக்கை வீதியோரம் இறக்கி வைத்துவிட்டு நின்ற ஒரு பெண் கேட்டார்: “தம்பி, சைக்கிள் ஒங்கள ஏத்திட்டுப் போகுதா, நீங்க சைக்கிள ஏத்திட்டுப் போறீங்களா?”

“பாதிப் பாதி அக்கா. முழங்கால் சரியில்ல” என்றேன்.

“எங்கள்ல யாருக்குங்க தம்பி முட்டி நல்லா இருக்கு?” என்று சிரித்தார்.

அதை அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. வேலையின் ஒரு பகுதி என்பது போலச் சொன்னார். பிரச்சினையே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அரைப்பேரும் முழங்காலும்

முழங்காலுக்குள் எவ்வளவு பாரம் விழுகிறது என்பது ஊகமல்ல. பெர்லினின் ஷாரிட்டே வைத்தியசாலை ஆய்வாளர்கள், அளவுகருவி பொருத்திய செயற்கை முழங்கால்களை நோயாளிகளுக்கு வைத்து நேரடியாக அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு. படி ஏறும்போது மூன்று மடங்கு. படி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. இலேசாகச் சைக்கிள் மிதிக்கும்போது உடல் எடையைவிடச் சற்றே கூட.

இந்த அளவுகளைத் தேயிலை மலைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் 10 கிலோ கொழுந்தோடு படிபோன்ற குறுக்குப் பாதையில் மடுவத்துக்கு இறங்குகிறார். ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழுவது 200 கிலோவைத் தாண்டும். அதே பெண் சமதரையில் சைக்கிளில் போனால் அது 60 கிலோ அளவில் நின்றுவிடும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைத் தின்கிறது. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணி வழியாக ஏறி இறங்கியவர்களுக்கு இது தெரியும். ஏறிய இரவில் மூச்சு வாங்கும், இறங்கிய மறுநாள் முழங்கால் மடங்காது. யாத்திரிகருக்கு அது வருடத்தில் ஒரு நாள். தோட்டத்தில் அது தினசரி.

இதோடு சம்பள முறை வந்து சேர்கிறது. ஒரு நாளைக்குப் பல தோட்டங்களில் 18 கிலோ, சில தோட்டங்களில் 20 கிலோவுக்கு மேல் கொழுந்து கொடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர் போடும் வழக்கம் உண்டு. நிரையில் பிந்துகிறவருக்குக் கொழுந்து குறையும். முட்டி வலிக்கிறவர் பிந்துவார். இப்படி வலி நேரடியாகச் சம்பளச் சிட்டையில் இறங்குகிறது, ஆனால் அங்கே அது வலி என்று எழுதப்படுவதில்லை. கொழுந்துக் குறைவு என்றுதான் பதிவாகிறது.

2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கவும், அரசாங்கம் தன் பங்காக நாளொன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்குவிப்புத் தந்து மொத்தம் 1,750 ஆக்கவும் முன்மொழியப்பட்டது. நீண்டகாலமாகக் கேட்ட தொகையை நெருங்கும் உயர்வு என்பதால் அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் வருகைக்குப் பணம் என்ற வடிவம் யாரைக் கவனத்தில் கொண்டது என்று கேட்க வேண்டும். வீங்கிய முழங்காலோடு ஒரு நாள் லயத்தில் இருந்தால் சம்பளமும் போகிறது, ஊக்குவிப்பும் போகிறது. ஓய்வெடுத்தால் ஆறக்கூடிய காயத்தோடு வேலைக்குப் போகச் சொல்லும் ஊக்குவிப்பு அது.

ஆயுளும் நீண்டிருக்கிறது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. அலுவலக ஊழியருக்கு இது பாதுகாப்பு. மலையில் நிற்கும் பெண்ணுக்கும் வேலைப் பாதுகாப்புத்தான். ஆனால் அவருடைய முழங்கால் 60 வரை தாங்க என்ன செய்யப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கும் அதே சட்டம் இடம் வைத்திருக்க வேண்டும்.

வெயில் கூடினால் நடையும் கூடும்

மலையகத்தில் வெயிலைப் பற்றிப் பேசினால் வடக்கில் சிலருக்குச் சிரிப்பு வரும். ஏப்ரலில் வவுனியா கொதிக்கும்போது நுவரெலியாவுக்கு வசந்தகாலம் கொண்டாடப் போகிறவர்கள் நாம். வளிமண்டலவியல் திணைக்களம் வருடா வருடம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெளியிடும் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கைகளும் பெரும்பாலும் தாழ்நிலப் பகுதிகளைக் குறித்தே வருகின்றன.

அந்தச் சுட்டெண் நிழலில் உள்ள வெப்பநிலையையும் ஈரப்பதனையும் கொண்டு கணிக்கப்படுவது. நேர் வெயிலில் நின்றால் உணரும் வெப்பம் அதைவிட எட்டுப் பாகை வரை கூடலாம். சுமையோடு ஏறுகிறவரின் உடம்பு உண்டாக்கும் சூடு அதற்குள் வராது. இடுப்பில் படங்கு சுற்றி, தலையில் துணி போட்டு, முதுகில் சாக்கோடு நிற்பவரின் வெப்பம் அந்த வரைபடத்தில் இல்லை. மலையில் மலசலகூட வசதி இல்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர். நீர் குறைந்த உடம்பில் தசைப்பிடிப்பு வருவதும், களைத்த தசை முழங்காலைத் தாங்காமல் அடி தடுமாறுவதும் அடுத்தடுத்து நடப்பவை.

இதைவிட மறைவான தொடர்பு ஒன்றும் உண்டு. வறட்சியில் தேயிலை துளிர் விடுவது குறையும். அதே 18 கிலோவுக்கு முன்பு ஐந்து நிரையில் நின்றவர் இப்போது எட்டு நிரை ஏறி இறங்க வேண்டியிருக்கும். அதாவது வெயில் கூடினால் கொழுந்து குறைகிறது. கொழுந்து குறைந்தால் நடை கூடுகிறது. நடை கூடினால் முட்டி தேய்கிறது. காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது நாம் விளைச்சல் இழப்பைச் சொல்கிறோம், ஏற்றுமதி வருமானத்தைச் சொல்கிறோம். விளைச்சல் குறையும்போது அதை ஈடுகட்டுவது யாருடைய மூட்டு என்பதைச் சொல்வதில்லை.

திகதி இல்லாத காயம்

இலங்கையில் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டினது. 2022இல் அது திருத்தப்பட்டு, வேலைக்குப் போகும், வரும் வழியில் நேரும் விபத்தும் உள்ளடக்கப்பட்டது. நல்ல திருத்தம். ஆனால் சட்டத்தின் அச்சாணி இன்னும் “விபத்து” என்ற சொல்தான். வழுக்கி விழுந்து கால் முறிந்தால் அதற்கு ஒரு நாள் உண்டு, ஓர் இடம் உண்டு, பார்த்தவர் உண்டு. இருபது வருடம் இறங்கித் தேய்ந்த முழங்காலுக்கு இவை எதுவும் இல்லை. அதை வயதின் தேய்மானம் என்று சொல்லிவிடுவது எவருக்கும் இலகு.

போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. மிதிவெடியில் கால் இழந்தவருடைய இழப்பு கண்ணுக்குத் தெரியும். அவருக்கே நிவாரணம் முழுமையாகக் கிடைத்ததில்லை. உடம்புக்குள் சிதறல்களோடு, வெளியே வடு மட்டும் தெரிய, வயலிலும் மேசன் வேலையிலும் நிற்கிறவர்களுடைய வலி எந்தப் பட்டியலிலும் ஏற மறுக்கிறது. காட்ட முடியாத காயத்துக்குக் கடதாசி கேட்கப்படும் அனுபவத்தில் வன்னியும் ஹட்டனும் ஒன்றுதான்.

ஆனால் இதை மாற்றிய நாடுகள் உண்டு. பிரித்தானியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் தேய்மானம் 2009இல் தொழில்வழி நோயாக ஏற்கப்பட்டது. தரைவிரிப்புப் பதிப்பவர்களுக்கும் பின்னர் அது விரிவாக்கப்பட்டது. ஜெர்மனியின் பட்டியலிலும் 2009 முதல் அது இருக்கிறது. சர்வதேச தொழில் அமைப்பின் 2010ஆம் ஆண்டுப் பட்டியல், நீண்டநேரம் முழந்தாளிட்டோ குந்தியிருந்தோ வேலை செய்வதால் வரும் முழங்கால் சவ்வுப் பாதிப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு நிறுவப்பட்டால் ஏனைய தசை, எலும்பு நோய்களையும் சேர்க்க அது இடம் தருகிறது. இந்த மலைகளில் தேயிலையை நட்டது பிரித்தானியக் கம்பனிகள். அந்த நாட்டின் சுரங்கத் தொழிலாளிக்குக் கிடைத்த ஏற்பு இங்கே கொழுந்து பறிப்பவருக்கு ஏன் இன்னும் கோரிக்கையாகக்கூட எழவில்லை என்பதைத் தொழிற்சங்கங்கள் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நாட்சம்பளத்தில் எத்தனை ரூபா என்பதே பல தசாப்தங்களாகப் பேச்சுவார்த்தையின் முழு நேரத்தையும் தின்றுவிட்டது.

பாதையில் இருந்து தொடங்கலாம்

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. முதலாவது, கொழுந்து நிறுக்கும் இடத்தை வீதிக்குப் பக்கமாக வைத்துப் பெண்களை இறக்குவதற்குப் பதிலாக, நிறுவையை மலைக்குள் கொண்டுபோவது. சுமையோடு இறங்கும் தூரம் குறைந்தால் முழங்காலுக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை. இரண்டாவது, செங்குத்தான குறுக்குப் பாதைகளில் உயரம் குறைந்த படியும் கைப்பிடியும். மூன்றாவது, வறட்சி மாதங்களில் கிலோ அளவைக் குறைப்பதும், வேலையை விடியலுக்கு முன்னகர்த்துவதும். நான்காவது, தோட்ட மருந்தகங்களில் மாதம் ஒரு நாளாவது மூட்டுப் பரிசோதனையும் பயிற்சியும். இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை அந்தச் சேவைக்கு மையமாகலாம். முட்டி வலிக்கிறவர் வீதிக்கு இறங்கி, பஸ் பிடித்து, அங்கே போய்ச் சேருவதே ஒரு நாள் பேரை இழக்கும் பயணம். ஆகவே சேவைதான் மேலே ஏற வேண்டும்.

சைக்கிளுக்கும் ஓர் இடம் உண்டு. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களைச் சுற்றிப் போகும் வீதிகள் பெரும்பாலும் மலையின் இடுப்பைச் சுற்றி ஓடுபவை, ஏற்றம் குறைவு. கியர் உள்ள சைக்கிள் இருந்தால் பாடசாலைப் பிள்ளைகள் அங்கே ஓடலாம். கண்டியின் ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை பழைய தேயிலைப் பாதைகளை இணைத்து, 22 கட்டங்களில் 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைபாதை உல்லாசப் பயணிகளுக்காக உருவாக்கப்பட்டிருக்கிறது. அடையாளப் பலகைகளும் வரைபடமும் கொண்ட அந்த ஒழுங்கு, ஒரு பாதையைச் சீராக்க மனம் வைத்தால் முடியும் என்பதற்குச் சான்று. அதே அக்கறை லயத்திலிருந்து மலைக்குப் போகும் பாதைக்கும் கிடைக்க வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் மண்சரிவுகளும் மலையகத்தின் வீதிகளையும் ரயில் பாதையையும் உடைத்துப் போட்டன. அவற்றைத் திருத்தும் வேலை இன்னும் பல காலம் எடுக்கும். திருத்தும்போது வாகனம் போகும் வீதிக்கு மட்டும் மதிப்பீடு போட்டால் பழைய தவறே திரும்ப வரும். மலையகத்தில் பெருமளவு பொருளும் ஆளும் நகர்வது வீதி முடியும் இடத்துக்கு மேலேதான். அங்கே படி எத்தனை அங்குலம், நிறுவை எத்தனை மீற்றர் தூரத்தில் என்பதும் புனரமைப்புத் திட்டத்தில் எழுதப்பட வேண்டிய எண்கள். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்கு 1,750 என்ற எண்ணோடு இந்த எண்களையும் கொண்டுபோனால், கொழுந்துக் குறைவு என்று இதுவரை எழுதப்பட்டதை முழங்கால் காயம் என்று எழுத வைக்க முடியும்.